செந்துருவைக் கொதிக்கவிட்டால்

டெக்சாஸில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கைக்கு வந்த பழைய வின்செஸ்டர் 94 ரைஃபிள். குழல் முழுக்கத் துரு. இன்னும் கொஞ்சம் துருப்பிடிக்க வைத்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் கறுப்பாகிவிடும் என்கிறார்கள் இங்கே. நம்பலாமா?”

நம்பலாம். இதற்கு ரஸ்ட் புளூயிங் என்று பெயர். ஜான் பிரவுனிங் வடிவமைத்த அந்த ரைஃபிளின் குழலுக்கு, 1930களின் பிற்பகுதி வரை வின்செஸ்டர் ஆலையே இப்படித்தான் நிறம் ஏற்றியது. (இந்தியாவில் இருப்பவர்கள் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே துப்பாக்கியைப் பழுது பார்க்கவே உரிமம் வேண்டும்.)

செய்முறை பெரிய ரகசியமல்ல. உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மரப்பகுதியைக் கழற்றி, பழைய துருவை உரசி எடுத்து, எண்ணெய்ப்பசை துளியும் இல்லாமல் அசிட்டோனால் துடைக்க வேண்டும். அமிலமும் இரும்பு உப்பும் கலந்த கரைசலை மெல்லியதாகத் தடவி, ஈரம் நிறைந்த பெட்டிக்குள் சில மணி நேரம் தொங்கவிட்டால் செந்துரு சீராகப் படரும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டரில் சுமார் அரை மணி நேரக் கொதி. குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலுள்ள குளோரைடு எஃகில் குழி பறித்துவிடும். உள்ளே போனது செங்கல் நிறம், வெளியே வருவது மொசுமொசுவென்ற கறுப்பு.

அந்த அரை மணி நேரத்தில் பானைக்குள் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. செந்துருவில் இருக்கும் ஒவ்வொரு இரும்பணுவும் மூன்று எலக்ட்ரான்களைப் பறிகொடுத்தது. அடியில் இருக்கும் எஃகிலோ எதையும் இழக்காத இரும்பணுக்கள். சாதாரண ஈரக்காற்றில் எஃகு விடும் எலக்ட்ரான்களை ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும், செந்துரு வளர்ந்துகொண்டே போகும். ஆனால் கொதிக்கும் நீரில் கரைந்த ஆக்சிஜன் ஏறக்குறைய இருக்காது. எல்லாம் குமிழியாக வெளியேறியிருக்கும். எலக்ட்ரானை வாங்க ஆள் இல்லை. அந்த இடத்துக்குத் துருவே வந்து நிற்கிறது. எஃகின் ஓர் இரும்பணு இரண்டு எலக்ட்ரான்களை விடுகிறது, துருவில் உள்ள இரண்டு இரும்பணுக்கள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொள்கின்றன. கணக்குப் போட்டால் எட்டு மூலக்கூறு செந்துருவும் ஓர் இரும்பணுவும் சேர்ந்து மூன்று மூலக்கூறு மேக்னடைட்டும் (காந்தத்தில் ஒட்டும் கறுப்பு இரும்பு ஆக்சைடு) நான்கு மூலக்கூறு நீரும் ஆகின்றன. ஒன்றும் மிச்சமில்லை!

மேக்னடைட்டில் இரும்பு இரண்டு நிலைகளில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறது: இரண்டு எலக்ட்ரான் இழந்தது, மூன்று இழந்தது. இரண்டுக்கும் நடுவே எலக்ட்ரான் எளிதாகத் தாவும். அந்தத் தாவலுக்கு எந்த நிற ஒளியும் உதவும் என்பதால் எல்லா நிறத்தையும் விழுங்கிவிடுகிறது. ஆகவே கறுப்பு. தோசைக்கல்லின் கறுப்போடு இதைக் குழப்ப வேண்டாம். அங்கே பெரும்பங்கு எண்ணெய் காய்ந்து இறுகிய படலத்துக்கு.

கொதிநீர் இல்லாமலும் இது நடக்கும். பழைய இரும்புக் கேட்டில் தடித்த துருவைச் சுரண்டினால் அடியில் கறுப்பாக ஓர் அடுக்கு தெரிவது இதனால்தான். நனையும்போது ஆக்சிஜன் எட்டாத உள்பக்கத்தில் துரு எஃகை அரிக்கிறது, காயும்போது காற்றுப் பட்டு மறுபடி செந்துருவாகிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போன்ற இடங்களில் துருவைப் பற்றி ஆராய்கிறார்கள். ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பாலமும் குழாயும் துருவால் போகிற நாட்டில் நிதியை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டால், என் ஓட்டு காரைக்குடிக்கு.

சரி, குழலுக்கு வருவோம். கறுத்ததும் மெல்லிய எஃகு நாரால் லேசாகத் தேய்க்க வேண்டும். ஒட்டாத தூள் உதிரும் (காந்தத்தைக் காட்டுங்கள், ஓடி வந்து ஒட்டும்). எஃகைப் பற்றிக்கொண்டது மட்டும் நிற்கும். மறுபடி கரைசல், மறுபடி துரு, மறுபடி கொதி. ஐந்து முதல் பத்து முறை செய்தால் இடைவெளிகள் நிரம்பி நிறம் ஆழமாகும். கடைசியில் எண்ணெய் கட்டாயம். இந்தப் படலம் மெல்லியது, நுண்துளைகள் கொண்டது. துருவை உண்மையில் தடுப்பது அந்தத் துளைகளில் தங்கும் எண்ணெய்தான்.

கடையில் கிடைக்கும் ‘கோல்டு புளூ’ திரவம் வேறு வேதியியல். அது பெரும்பாலும் செம்பையும் செலினியத்தையும் எஃகின் மேல் படியவைப்பது; கை பட்டுப் பட்டுத் தேய்ந்துவிடும். சூடான காஸ்டிக் குளியலில் கிடைப்பதும் மேக்னடைட்தான், ஆனால் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் காரத்தை வீட்டில் வைத்துக்கொள்வது விபரீதம்.

உங்கள் குழலில் ஆலைப் பூச்சு பாதியாவது மிஞ்சியிருந்தால் அமிலக் கரைசல் பக்கமே போகாதீர்கள், உரசவும் வேண்டாம். புதுப்பூச்சு ஏறிய பழைய வின்செஸ்டருக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு விழுந்துவிடும். இருக்கிற செந்துருவோடு அப்படியே ஒரு முறை கொதிக்கவிட்டு, நாரால் மெதுவாகத் துடைத்து, எண்ணெய் போட்டு வையுங்கள்.