பிள்ளையை உடம்பு ஏற்கேல்ல எண்டு சொல்லாதேங்கோ

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி விழுந்த உடன அதைத் தட்டில போட்டுக் கழுவி, புரட்டி, முழுசா வந்திட்டுதோ எண்டு பாக்கிறது லேபர் ரூம்ல எங்கட அன்றாட வேலை. மாசம் நிறைஞ்சதெண்டா அரைக்கிலோ அளவில, ஈரல் நிறத்தில, கையில எடுத்தா மெத்தெண்டு இருக்கும். போன மாரிக்குள்ள முல்லைத்தீவுப் பக்கத்தால வந்த ஒரு தங்கச்சிக்கு, தலைப்பிள்ளை, 33 கிழமை, பிரஷர் 170/110, ரெண்டு நாள் தலையிடியைப் பனடோலோட சமாளிச்சிட்டு வந்தவா, அவசரமா ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தம். நஞ்சுக்கொடி என்ர உள்ளங்கைக்குள்ள அடங்கிச்சுது, அங்கங்க வெளிறி, அமத்தினா கட்டி கட்டியா.

அடுத்த நாள் வார்ட்ல மாமி சொன்னவா, "இவளின்ர உடம்பு பிள்ளையை ஏற்கேல்ல டொக்டர்". கட்டில்ல கிடந்தவா சுவர்ப்பக்கம் திரும்பிட்டா.

அந்தக் கதை பிழை அம்மா எண்டு அண்டைக்கே சொன்னன், ஆனா இதே கதையை நான் கனபேரிட்டக் கேட்டிட்டன், அதுதான் எழுதுறன்.

பிள்ளையில பாதி தகப்பன்ர பங்கு. வேற ஒராளின்ர சிறுநீரகத்தை வைச்சா உடம்பு எதிர்க்குது, பிள்ளையை ஏன் எதிர்க்கேல்ல எண்டு 1953ல பீற்றர் மெடவார் எண்ட விஞ்ஞானி கேட்டவர். தாயின்ர எதிர்ப்புச் சக்தி அந்த நேரம் படுத்துக் கிடக்குது எண்டுதான் கன காலமா நினைச்சவை. அப்பிடியில்லை. முதல் மூண்டு மாசம் கருப்பைச் சுவரில இருக்கிற வெண்குழியங்களில நூற்றுக்கு எழுபது அளவில ஒரே வகைதான், பேர் இயற்கைக் கொல்லிக் கலம். பேரைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ, ரத்தத்தில ஓடுற கொல்லிக் கலம் மாதிரி இதுகள் கொல்லுறேல்ல. நஞ்சுக்கொடிக் கலங்கள் தங்கட மேற்பரப்பில ஒரு விசேஷ அடையாளத்தைக் காட்டும், இதுகள் அதைப் பிடிச்சுப் பாத்து, அவையோட சேந்து ரத்தக்குழாய் வேலைக்கு இறங்கும்.

அந்த வேலை என்னெண்டா, கருப்பைக்கு ரத்தம் கொண்டுவாற சுருள் நாடிகள் சின்னன், இறுக்கமான தசைச் சுவர் உள்ளது, அந்தத் தசையைக் கரைச்சு வாயை அகலமாக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணியில விதைக்கிற ஆக்களுக்கு இது உடன விளங்கும். வாய்க்கால் அகலமெண்டா தண்ணி ஆறுதலா வந்து வயல் முழுக்கப் பரவும், ஒடுங்கிக் கிடந்தா சீறி அடிச்சு வரம்பை உடைக்கும், அங்கால பயிருக்குத் தண்ணியும் காணாது. வாய்க்கால் வெட்டு ஒழுங்கா நடக்காத நஞ்சுக்கொடியிலயும் அதுதான் நடக்குது, பிள்ளை வளராது, காயப்பட்ட நஞ்சுக்கொடி தாயின்ர ரத்தத்துக்க விடுற பொருட்களால பிரஷர் ஏறும், சலத்தில புரதம் போகும். இந்தக் கர்ப்பகாலப் பிரஷர் வருத்தத்துக்கு (பிரீ-எக்லம்ப்சியா எண்டு சொல்லுவம்) வேற காரணங்களும் சேரும், ஆனா அந்தத் தங்கச்சி தண்ணிக்குடம் தூக்கினதாலயோ பப்பாசி திண்டதாலயோ வந்ததில்லை.

இந்த வெட்டு வேலை 20 கிழமை அளவில முடிஞ்சிடும். பிரஷர் தெரியவாறது அதுக்குப் பிறகு. எங்கட ஊரில மூண்டு மாசம் முடியாம வெளியில சொல்லக்கூடாது எண்டு ஒரு வழக்கம் இருக்கு, கண்ணூறு பயம், எனக்கு விளங்குது, ஊருக்குச் சொல்லாதேங்கோ, ஆனா உங்கட மிட்வைஃபுக்குச் சொல்லுங்கோ. முந்தின கர்ப்பத்தில இந்தப் பிரஷர் வந்தவை, ரெட்டைப் பிள்ளைக்காரர், சலரோகம், சிறுநீரக வருத்தம் உள்ளவைக்கு டொக்டர் பாத்து 12 கிழமையில இருந்து சின்ன அளவில அஸ்பிரின் தருவினம், 16க்கு முதல் தொடங்கினாத்தான் நல்ல பலன். நீங்களா வாங்கிப் போடக்கூடாது.

இன்னொண்டு, கரு கலைஞ்சு கலைஞ்சு போற சோடியள் கடன்பட்டு ரத்தத்தில கொல்லிக் கலம் எண்ணுற ரெஸ்ட் செய்துகொண்டு வருகினம். ரத்தத்தில எண்ணுறது கருப்பைக்குள்ள நடக்கிறதைச் சொல்லாது, அந்தக் காசைச் செலவழிக்க முதல் எங்களோட கதையுங்கோ.

அந்தத் தங்கச்சி இப்ப ரெண்டாவது. 7 கிழமையிலயே வந்திட்டா, மாமிதான் கூட்டிக்கொண்டு வந்தவா. ரெண்டுபேருக்கும் சொல்லிவிட்டது இதுதான்: விடாத தலையிடி, கண்ணுக்கு முன்னால மினுக்கம், நெஞ்சாங்குழிக்குக் கீழ நோ, முகம் திடீரெண்டு வீங்கிறது, இதில ஒண்டு வந்தாலும் விடியட்டும் எண்டு இருக்காம, எந்தச் சாமமெண்டாலும் 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் வரும், காசில்லை.