குறைவாக ஓடிய ஹைப்ரிட் கார் என்றால் கொஞ்சம் யோசியுங்கள்

பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கும் எண்ணத்தோடு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள். மைலேஜ் எவ்வளவு வரும்? பேட்டரி போனால் எவ்வளவு செலவாகும்? இந்த வண்டி இத்தனை வருஷம் எங்கே நின்றது, எப்படி ஓடியது என்று கேட்பவர்கள் அபூர்வம். வேலூர் வெயிலுக்கு முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 2015 முதல் வந்த மாருதி சியாஸ், எர்டிகா எஸ்.எச்.வி.எஸ். வண்டிகளையும் புரோக்கர்கள் 'ஹைப்ரிட் சார்' என்றுதான் காட்டுகிறார்கள். அவை மைல்டு ஹைப்ரிட். பெல்ட்டில் சுற்றும் ஒரு சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். மோட்டாரில் மட்டும் வண்டி நகராது. 2022-இல் வந்த டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டிலும் மைல்டு, மோட்டாரிலேயே கொஞ்ச தூரம் ஓடும் ஸ்ட்ராங் என இரண்டு வகையும் உண்டு என்பதால் ஏமாற வாய்ப்பு அதிகம். கிளட்ச் மிதித்துக் கியர் போடும் வண்டி என்றால் அது ஸ்ட்ராங் ஹைப்ரிட் இல்லை. ஸ்ட்ராங் வகையில் ஹோண்டா சிட்டி இ:எச்.இ.வி.யும் 2022-இல் வந்ததுதான். டொயோட்டா கேம்ரி 2013-லிருந்தே இங்கே கிடைக்கிறது. இனி நான் சொல்வதெல்லாம் இந்த ஸ்ட்ராங் வகைக்கு.

இந்த வண்டிகளின் பெரிய பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. பின் சீட்டுக்குப் பின்னாலோ டிக்கிக்கு அடியிலோ இருக்கும் அந்தப் பேட்டரியைக் குளிர வைக்கப் பல மாடல்களில் தனியாக ஏ.சி. கிடையாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபின் காற்றைத்தான் ஒரு சின்ன ஃபேன் இழுத்து உள்ளே அனுப்புகிறது. கேம்ரி, ஹைரைடர் போன்றவற்றில் அந்தக் காற்று போகும் ஓட்டை பின் சீட் பக்கம் இருக்கும். துணி மூட்டையையோ குழந்தையின் பையையோ அதன்மேல் சாய்த்து வைத்தால் பேட்டரிக்கு மூச்சு முட்டும். உள்ளே இருக்கும் ஃபில்டரில் தூசியும் நாய் முடியும் பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டிருப்பதை நிறைய வண்டிகளில் பார்க்கிறோம். கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டும் ஊரில், கூரையில்லாத இடத்தில் பகல் முழுக்க நிறுத்திவிட்டு, பெட்ரோல் மிச்சம் என்று ஏ.சி. போடாமல் ஓட்டினால் மிச்சமாகும் பெட்ரோலைவிடப் பேட்டரியின் ஆயுள்தான் வேகமாகக் குறையும். விற்பவரிடம் அந்த ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்று அவர் விழித்தால், பராமரிப்பு எந்த லட்சணத்தில் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, சும்மா நிற்பது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்களின் வண்டிகள் விலைக்கு வரும். லீவுக்கு வரும்போது மட்டும் எடுத்திருப்பார்கள். ஏழெட்டு வருஷத்தில் 25,000 கி.மீ.கூட ஓடியிருக்காது, பெயிண்ட் புதுசு போலவே இருக்கும். சாதாரண பெட்ரோல் கார் என்றால் நானே வாங்கச் சொல்வேன். ஹைப்ரிட் என்றால் தயங்குவேன். ஓடாமல் நிற்கும் பேட்டரி தானாகச் சார்ஜ் இழக்கும், ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு அளவில் இறங்கும். தினமும் ஓடி 80,000 கி.மீ. தாண்டிய, சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக உள்ள வண்டியின் பேட்டரி இதைவிட நல்ல நிலையில் இருப்பதுண்டு.

நின்ற வண்டியில் 12 வோல்ட் பேட்டரியும் போயிருக்கும். இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது அந்தச் சின்னது எதற்கு என்று கேட்பார்கள். கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சான ரிலேயை மூடுவதே அதுதான். அது செத்தால் 'ரெடி' விளக்கு வராது, வண்டி அசையாது. மீட்டரில் கண்டபடி எச்சரிக்கை விளக்குகள் எரியும். அதைப் பார்த்துவிட்டு ஹைப்ரிட் பேட்டரியே போச்சு என்று பயமுறுத்திப் பணம் பிடுங்கும் ஆட்களும் உண்டு. முதலில் 12 வோல்ட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஜம்பர் கேபிள் கொடுக்கும்போது பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் மட்டும் செலவு உண்மையிலேயே எங்கேயோ போய்விடும்.

பரிசோதனைக்கு வருகிறேன். தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது எடுத்து, ஏ.சி. முழுதாகப் போட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். கிரீன் சர்க்கிள் நெரிசலில் கொஞ்சம், பைபாஸில் கொஞ்சம். சார்ஜ் காட்டும் கோடு சில நிமிஷத்தில் உச்சிக்கும் அடிக்குமாகக் குதித்தால் செல்கள் பலவீனம். பின்னாலிருந்து ஃபேன் சத்தம் இடைவிடாமல் பெரிதாக வந்தாலும் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் கருவி. கேம்ரியின் நிக்கல் பேட்டரியில் 34 மாட்யூல்கள் (சில செல்கள் சேர்ந்த பெட்டிகள்) இரண்டிரண்டாகச் சேர்ந்து 17 பிளாக்குகளாகக் காட்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எல்லாம் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏற வேண்டும். ஒன்று மட்டும் ஒரு வோல்ட் அளவுக்கு விலகினால் அந்தப் பேட்டரி படுக்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். விற்பவர் முந்தின நாளே ஃபால்ட் கோடை (கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறுக் குறியீடு) அழித்திருப்பார், அதனால் 'ஃபால்ட் கோடு இல்லை' என்பதோடு நிற்காதீர்கள். கோடு அழித்து எத்தனை கி.மீ. ஆகிறது என்பதையும் ஸ்கேனரில் பார்க்க முடியும். 12 கி.மீ. என்று காட்டினால் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

செத்த மாட்யூலை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். செலவு குறைவுதான். ஆனால் பழையதோடு வேறொன்றைச் சேர்த்தால் சில மாதங்களில் பக்கத்து மாட்யூல் போகும். விற்கப்போகிறவர் செய்யும் வேலை அது, வைத்திருப்பவர் செய்யக்கூடாது. முழு பேட்டரி என்றால் கேம்ரி போன்ற வண்டிக்கு லட்சங்களில் போகும். 2022 முதல் வந்த டொயோட்டா, ஹோண்டா ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டிகளின் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி உண்டு, எது முதலில் வருகிறதோ அது. 2022 வண்டிகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. கைமாறினால் நிபந்தனை என்ன என்று ஷோரூமில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கேம்ரி சல்லிசாகக் கிடைப்பது ஏன் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

பிரேக் பேட் இவற்றில் நீண்ட நாள் உழைக்கும், வேகத்தைக் குறைக்கும் வேலையில் பாதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால். ஆனால் பிரேக் ஆயிலை மறக்காதீர்கள். பழைய வண்டிகளில் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் போனால் செலவு பெரிசு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது, மோட்டார் வேகத்தைக் குறைத்துச் சேர்க்கும் சார்ஜால் பேட்டரி நிரம்பிவிட்டால் இன்ஜின் திடீரென்று உறுமும். அது கோளாறு இல்லை. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் உண்டு, அளவு பாருங்கள். உயர் வோல்ட் மின்சாரம் ஓடும் ஆரஞ்சு நிற வயர்களில் எலி கடித்திருந்தால் கை வைக்காதீர்கள், பயிற்சி இல்லாத மெக்கானிக்கையும் தொட விடாதீர்கள். டிக்கி அடியில், சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னையில் 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் பல. அடியில் பேட்டரி உள்ள வண்டிக்குத் தண்ணீர் மற்ற கார்களைவிடப் பெரிய வினை.

சரி, கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கார் 15 கி.மீ., ஹைப்ரிட் 22 கி.மீ. கொடுக்கிறது. மாதம் 1,000 கி.மீ. ஓடினால் மிச்சம் சுமார் 2,100 ரூபாய், வருஷத்துக்கு 25,000 சொச்சம். மாதம் 500 கி.மீ. என்றால் அதில் பாதி. அதே மாடலின் பெட்ரோல் வண்டியைவிட இரண்டரை லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், முதல் கணக்கிலேயே போட்டதை எடுக்கப் பத்து வருஷம் ஆகும். அதுவும் ஊருக்குள் ஓட்டினால்தான் இந்த வித்தியாசம். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குத் தினமும் நெரிசலில் போய்வருபவருக்கு ஹைப்ரிட் நன்றாகவே உதவும். வாரா வாரம் பெங்களூருக்கோ சென்னைக்கோ 100-இல் பறக்கிறவருக்கு மோட்டார் வேலை செய்ய இடமே குறைவு. அவர் நல்ல சாதாரண பெட்ரோல் கார் பார்க்கலாம்.

இங்கே வரும் வண்டிகளில் கர்நாடகப் பதிவு நிறைய இருக்கும், விலையும் கவர்ச்சியாக இருக்கும். அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, தமிழ்நாட்டில் வண்டியின் வயசுக்கு ஏற்ற ஆயுள் வரி கட்டி, பதிவை மாற்ற வேண்டும். அந்த வரியைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். பேட்டரி தேய்ந்து போவதற்குச் சாதாரண காப்பீட்டில் பணம் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்.ஓ.சி. கையில் வரும்வரை முழுத்தொகையைக் கொடுக்க வேண்டாம்.