பரானா பைன்

பழைய மர வணிகப் பட்டியல்களில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு இதுவும் ஒரு பைன் வகை என்று நினைத்துவிட வேண்டாம். தெற்குப் பிரேசிலின் மேட்டுநிலங்களில் வளரும் அரவுகேரியா அங்குஸ்டிஃபோலியா என்ற மரத்தின் வணிகப் பெயர் இது. பரானா, அது அடர்ந்திருந்த மாநிலம். 'பைன்' போர்த்துகீசியர் வைத்தது. கூம்பைக் கண்டதும் தங்கள் ஊர்ப் பைன் மரத்தின் பெயரான 'பின்யெய்ரோ'வையே சூட்டிவிட்டார்கள். பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியில் இதைக் 'குரி' என்பார்கள். மாநிலத் தலைநகரான குரிச்சிபாவின் பெயர் அதிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். அரவுகேரியா என்பது சிலியின் அரௌகோ பகுதியிலிருந்து வந்த பேரினப் பெயர். அங்குஸ்டிஃபோலியா என்றால் குறுகிய இலை கொண்டது.

சரி, மரம் எப்படி? வயதான மரத்தில் கிளைகள் உச்சியில் மட்டும் குடைபோல விரிந்திருக்கும். கீழே நெடிய, நேரான தண்டு. அதனால் கணு இல்லாத நீண்ட, அகலமான பலகைகள் கிடைத்தன. பிரிட்டனில் மாடிப்படிக்கு இதை விரும்பி வாங்கியதற்குக் காரணம் அதுதான். வெளிர் பழுப்பு நிறம், இடையிடையே சிவப்புக் கீற்றுகள். ஆண்டு வளையங்கள் சட்டென்று கண்ணில் படாது. உண்மையான பைனில் உள்ள பிசின் குழாய்களும் இதில் இல்லை. எடை கன மீட்டருக்குச் சுமார் 540 கிலோ, அதாவது தேக்கைவிட இலேசு. இழைப்புளியால் எளிதாக இழைக்கலாம். பசை, ஆணி, பாலிஷ் எல்லாம் ஏற்கும்.

ஆனால் உலர்த்தும்போது படுத்தும். அடர்நிறப் பகுதிகள் ஒரு மாதிரி சுருங்க, மற்றவை வேறு மாதிரி சுருங்க, பலகை முறுக்கிக்கொள்ளும். நீளவாக்கில் அறுக்கும்போதே மரத்துக்குள் இருந்த இறுக்கம் விடுபட்டு, பலகை வளைந்து விலகுவதும் உண்டு. ரம்பம் பிடிப்பவர் கவனமாக இருக்க வேண்டும். வெளியே மழையில் வைத்தால் சீக்கிரம் மக்கிவிடும். வீட்டுக்குள் மட்டுமே சரிப்படும். கண்டபடி வெட்டித் தீர்த்ததில், இன்று இது அழிவின் விளிம்பில் உள்ள இனம்.

தமிழில் என்ன சொல்வது? 'தேவதாரு' பொருந்தாது, அது இமயமலையின் வேறு மரம். 'ஊசியிலை மரம்' பாடநூல் வழக்குதான், ஆனால் இதன் இலை ஊசியல்ல, தட்டையான ஈட்டிமுனை. அதனால் பொதுவாகச் சொல்லும்போது 'கூம்பு மரம்', குறிப்பாகச் சொல்லும்போது 'பரானா அரவுகேரியா' என்று எழுதலாம். அரவுகேரியாவும் நமக்கு அந்நியமல்ல. நம் நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று தொட்டியில் விற்பது பெரும்பாலும் இதன் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு மரம்தான்.