தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

"டாக்டர், அவங்க எனக்க அப்பாவும் அம்மையும் இல்ல. வெளிநாட்டுல இருந்து உளவு பாக்க அனுப்பின ஆளுங்க."

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த 17 வயதுப் பையன். கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு முறை எழுந்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொன்னான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த 'உளவாளிகள்' யாரென்றால், ரப்பர் பால் வெட்டப் போகும் அப்பாவும், முந்திரி ஆலைக்குப் போகும் அம்மாவும். (ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

இப்படி ஒரு பிள்ளை சொன்னால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "உனக்கு எப்படித் தெரிஞ்சது மக்களே?"

"அப்பா விடியக்கு முன்னால தலையில லைட் கட்டிட்டுப் போறாரு. மரத்துக்கு மரம் லைட் அசையும். அது சிக்னல். அம்மை கிணத்துல தண்ணி கோரும்போ வாளிய மூணு தடவ தட்டுனா. அன்னைக்கு ராத்திரி டிவி நியூஸ்ல என்னப் பத்திச் சொன்னாங்க."

பால் வெட்டுகிறவர்கள் தலைவிளக்கோடு இருட்டில் போவது நம் குமரி மாவட்டத்தில் யாருக்கும் புதிதல்ல. அவனும் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சிதான். மூன்று மாதமாகத்தான் அதற்குப் புது அர்த்தம் வந்திருக்கிறது. அம்மா அவித்த மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) தொடுவதில்லை, கடையில் வாங்கிய பாக்கெட் பிஸ்கட்தான் சாப்பாடு. மாமா ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஆமாடே, உன்னத் தவிட்டுக்கு வாங்குனதுதான்" என்றிருக்கிறார். நம் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்ந்த கேலி. இவனுக்கு அது ஒப்புதல் வாக்குமூலம்.

இதைக் கேட்டு நாம் சிரிக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகத்தில் இது நிஜமாகவே நடந்திருக்கிறது. 2010 ஜூன் 27, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரம். மூத்த மகனுக்கு 20வது பிறந்தநாள். ஓர் இந்திய உணவகத்தில் மத்தியானச் சாப்பாடு முடித்து வீடு திரும்பியிருந்தது குடும்பம். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. வந்து அப்பா, அம்மா இருவரையும் கைது செய்தது. கனடாக்காரர்களாக வாழ்ந்த அந்தத் தம்பதி ரஷ்ய உளவாளிகள். குழந்தையாக இருந்தபோதே இறந்துபோன இரண்டு கனடாக்காரர்களின் பெயரில்தான் அதுவரை வாழ்ந்திருக்கிறார்கள். இளைய மகனுக்கு அப்போது 16 வயது. ஜூலை 9 அன்று வியன்னா விமான நிலையத்தில் கைதிகள் பரிமாற்றம் நடந்து பெற்றோர் ரஷ்யா போனார்கள். டொரான்டோவில் பிறந்த இளையவனின் குடியுரிமைச் சான்றைக் கனடா 2014இல் ரத்து செய்தது. அவன் வழக்காடி, 2019 டிசம்பரில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தான்.

2024 ஆகஸ்ட் 1 அன்று மாஸ்கோவில் இறங்கிய இரண்டு சிறு பிள்ளைகளின் கதையும் இதுதான். பெற்றோர் ஸ்லோவேனியாவில் அர்ஜென்டினாக்காரர்களாக வாழ்ந்த உளவாளிகள். தாங்கள் ரஷ்யர்கள் என்பதே விமானம் ஏறிய பிறகுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது என்று ரஷ்ய அரசின் பேச்சாளர் சொன்னார். வரவேற்க வந்த புடின் அவர்களிடம் ஸ்பானிஷில் வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

மனநல மருத்துவனாக நான் இதில் கவனிப்பது ஒன்று. நிஜ உளவாளிகளின் பிள்ளைகளுக்குச் சந்தேகமே வரவில்லை என்கிறார்கள். அந்தக் கேம்பிரிட்ஜ் சகோதரர்கள் போலீஸ்தான் ஏதோ ஆள் மாறி வந்துவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னார்கள். என் முன்னால் இருந்த பையனுக்கோ துளி சந்தேகமும் இல்லை, முழு நிச்சயம். ஆனால் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. வாளிச் சத்தம்தான் இருக்கிறது.

இதற்குக் காப்கிரா மருட்சி என்று பெயர். மருட்சி என்றால், என்ன ஆதாரம் காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கை. 1923இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. அம்மாவின் முகம் அம்மா முகம்தான் என்று மூளைக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ளே எழ வேண்டிய 'நம்ம ஆளு' என்ற உணர்வு எழாது. உணர்வு வராத அம்மாவுக்கு மூளை ஒரு கதை கட்டுகிறது: இவள் வேஷக்காரி. மனச்சிதைவில் வரலாம், வலிப்பு, தலைக்காயம், கஞ்சா இவற்றின் பின்னாலும் வரலாம். அதனால்தான் நரம்பியல் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறோம்.

இன்னொரு பையன், தக்கலைக்காரன், பத்தாம் வகுப்பு. அதே கேள்விக்கு அவன் பதில்: "பீரோல பேப்பர் இருக்கு." ரேஷன் கார்டு தேடப்போய், நீதிமன்றத் தத்து உத்தரவு கைக்குக் கிடைத்திருக்கிறது. நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த நாலு மாதமும் வீட்டில் ஒரு உளவாளி இருந்தான், அது அவன்தான். அம்மாவின் போனை நோண்டினான், பழைய ஆல்பத்தைப் பார்த்தான், கண்ணாடி முன்னால் நின்று தன் காதை அப்பா காதோடு ஒப்பிட்டான். என்னிடம் கேட்டது இதுதான்: "ஊர்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது, இல்லியா?"

இதில் என் பங்கும் உண்டு. ஒரு வருடம் முன்பு அந்தப் பெற்றோர் வந்து, சொல்லிவிடலாமா என்று கேட்டார்கள். "பத்தாம் வகுப்பு முடியட்டுமே" என்றேன். நம் ஊரில் எல்லாவற்றையும் பரீட்சைக்குப் பிறகு வைப்போமே, அந்தப் புத்தி. இப்போதெல்லாம் பள்ளிக்கூடம் சேர்க்கும் முன்பே கதையாகச் சொல்லத் தொடங்குங்கள் என்கிறேன். பெற்றவர்களைத் தேட வேண்டும் என்று பிள்ளை பிறகு கேட்டால் சட்டத்தில் வழி இருக்கிறது: 18 வயதுக்குள் வளர்ப்புப் பெற்றோரோடு சேர்ந்தும், அதன் பிறகு தானாகவும் விண்ணப்பிக்கலாம். கேட்டான் என்பதற்காக உங்களை வெறுத்துவிட்டான் என்று ஆகாது.

முதல் பையன் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வருவதற்கு முன்பு ஜெபம், மந்திரித்த கயிறு, எல்லாம் முடிந்திருந்தது. அதைக்கூட நான் குறை சொல்லவில்லை, கும்பிட்டுவிட்டும் வரலாம். ஆனால் யாரோ கொடுத்த மாத்திரையைப் பொடித்து அம்மா பாலில் கலந்திருக்கிறார். தம்ளர் அடியில் வெள்ளையாகத் தங்கியதை அவன் பார்த்துவிட்டான். அதுவரை நோய் சொன்னதை இப்போது தம்ளரும் சொல்கிறது. 'அம்மா எனக்குத் தெரியாமல் எதையோ கலக்கிறாள்' என்பது அந்த ஒரு நாள் மட்டும் உண்மை. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

ஆதார் அட்டையைக் காட்டி வாதாடுவதும் வேண்டாம், அவன் அதைப் போலி என்பான். "உனக்குப் பயமா இருக்கு, தூக்கம் வரல்ல, அதுக்கு டாக்டர்ட்ட போவோம்" என்று சொல்லுங்கள். பயமும் தூக்கமின்மையும் அவனுக்கும் உண்மை என்பதால் பெரும்பாலும் வருவான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் கேட்க அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை. பேச்சில் தற்கொலை வந்தாலோ, 'வேஷக்காரரை' அடிக்கக் கை ஓங்கினாலோ அன்றைக்கே கிளம்புங்கள்.

அவனுக்கு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்தன. பாலில் கலந்ததை அம்மா அவனிடம் ஒப்புக்கொண்டார், என் அறையில் வைத்துத்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. போன மாதம் வந்தபோது, சாப்பாடு எப்படி என்று கேட்டேன்.

"சில நேரம் இப்பவும் வேற ஆளு மாதிரித் தோணும் டாக்டர். ஆனா மீன் கறி அம்மைக்க கறிதான். சாப்பிடுதேன்."