பேன் மருந்து கேட்கவில்லையா? வயல் மருந்தைத் தொடாதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் தோல் மருத்துவம் பார்க்கிறேன். போன வாரம் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தலையில் கட்டியிருந்த ஈரத்துண்டை அவிழ்த்ததும் அறை முழுக்கப் பூச்சிமருந்து வாடை. கண்மணி இரண்டும் கடுகாகச் சுருங்கியிருந்தன. வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. குறுவைப் பயிருக்கு அடித்து மிச்சமிருந்ததைப் பேனுக்குத் தேய்த்திருக்கிறார்கள். தலையை அலசி, ஊசி போட்டு, 108-இல் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள். இப்படி என்னிடம் வந்த மூன்றாவது பிள்ளை அவள்.

"கடை மருந்து மூணு தடவ போட்டாச்சு டாக்டரம்மா, பேனு அசையவே இல்ல. அதான் வீரியமா இருக்கட்டும்னு..." என்று அவளுடைய அப்பாயி அழுதார். பேத்தி ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டு தூங்காமல் கிடந்ததைப் பொறுக்காமல் செய்தவர். அவரைத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் இந்த 'வீரியம்' என்ற எண்ணம் இன்னொரு பிள்ளையைக் கொன்றுவிடும்.

பேன் மருந்துக்குப் பழகிப்போகிறது என்பது பொய்யில்லை. அமெரிக்காவில் 48 மாநிலங்களிலிருந்து பேன்களை எடுத்துச் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். 42 மாநிலங்களில் சோதித்த அத்தனை பேனிலும் பெர்மெத்ரின் என்ற பேன் மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றம் இருந்தது. நம் கடைகளில் கிடைக்கும் பேன் மருந்துகள் பலவற்றிலும் இருப்பது அதே பெர்மெத்ரின்தான்.

சரி, பழகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக வீரியத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா? மருந்து போய் ஒட்ட வேண்டிய இடமே அந்தப் பேனின் நரம்பில் மாறிப்போயிருக்கிறது. வயலுக்கு அடிக்கிற சைபர்மெத்ரினும் லாம்டா சைஹாலோத்ரினும் பெர்மெத்ரினின் பங்காளிகள். பெர்மெத்ரினுக்கு அசையாத பேன் அவற்றையும் தாங்கும். 'பாஸ்' என்று பெயர் முடிகிற குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ் வகையோ வேறு. அது பேனின் நரம்பைத் தாக்குகிற அதே வழியில் பிள்ளையின் நரம்பையும் தாக்கும். தலைத்தோல் வழியாகவே உடம்பில் ஏறும். துண்டு கட்டி மூடினால் இன்னும் அதிகமாக ஏறும். நெல்லுக்கு அடிப்பது வீரியமான பேன் மருந்து அல்ல. அது பேன் மருந்தே அல்ல. டப்பாவில் நச்சு எவ்வளவு என்று காட்டும் முக்கோணம் என்ன நிறத்தில் இருந்தாலும் அது தலைக்கு ஆகாது.

இனி, "மருந்து கேட்கவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி: ஒன்பதாம் நாள் திரும்பப் போட்டீர்களா? பெரும்பாலும் இல்லை. பெர்மெத்ரின் ஈரை முழுதாகக் கொல்லாது. தப்பிய ஈர் ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பொரிக்கும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து ஈர் வைப்பதற்குள் அடுத்த தடவை போட்டாக வேண்டும். போட்ட மறுநாளே பேன் ஊர்கிறது என்று வேறு பாட்டில் வாங்குகிறார்கள். எண்ணெய்த் தலையிலேயே தேய்க்கிறார்கள். தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போடாமல், துவட்டிவிட்டுத் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். அக்காளும் தங்கையும் ஒரே பாயில் படுக்கும்போது தங்கைக்கு மட்டும் போட்டால் எப்படிப் போகும்? வீட்டில் எல்லார் தலையையும் பாருங்கள், பேன் இருக்கிறவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் போடுங்கள்.

முடியில் தெரிகிற வெள்ளையெல்லாம் உயிருள்ள ஈரும் அல்ல. தலைத்தோலை ஒட்டி, கால் அங்குலத்துக்குள் பழுப்பாக இருப்பதைத்தான் கவனிக்க வேண்டும். தள்ளி வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் வெறும் கூடு. மாதம் ஒரு சென்டிமீட்டர் முடி வளரும்போது கூடும் கூடவே நகர்கிறது. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மறுபடி மருந்து போடாதீர்கள்.

உண்மையிலேயே பழகிப்போன பேனுக்கும் வழி இருக்கிறது. ஐவர்மெக்டின் இருக்கிறது. மாத்திரை என்றால் எடை பார்த்து மருத்துவர்தான் எழுத வேண்டும், 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கூடாது. டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெய் நரம்பைத் தொடுவதில்லை, பேனின் உடம்பை மூடி அடைத்துக் கொல்கிறது. ஒன்றுமே கிடைக்காவிட்டால் நெருக்கமான பேன் சீப்பு போதும். முடியை நனைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, வேரிலிருந்து நுனிவரை வாருங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்த்த நம் பாட்டிமார்களுக்கு இதற்கான பொறுமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நமக்கும் கிடைக்கும்.

மண்ணெண்ணெய் வேண்டாம். தோல் வெந்துபோகும், அடுப்பருகே போனால் தீப்பிடிக்கும். சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துப் பூசவே பூசாதீர்கள். துளி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேன் இருக்கிற பிள்ளையை வகுப்பு நடுவே எழுப்பி நிறுத்தாதீர்கள். பேன் அழுக்கால் வருவதில்லை, தலையோடு தலை ஒட்டுவதால் வருகிறது. அந்த அவமானத்தில்தான் வீட்டில் அவசரப்பட்டுக் கண்டதையும் பூசுகிறார்கள்.

பூச்சிமருந்தைப் பூசியே விட்டீர்கள் என்றால், மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடைகளைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் தலையையும் உடம்பையும் அலசுங்கள். அலசும்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவை ஒரு கவரில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். பூசியது எது என்று தெரிந்தால்தான் மருத்துவர் சீக்கிரம் மாற்றுமருந்து கொடுக்க முடியும்.