பள்ளிக்கூடம் போன தாத்தா பாட்டிகள்: மூளைக்குள் என்ன நடந்தது?

அறுபதைத் தாண்டியவர் டாக்டரிடம் போனால் கிடைக்கும் அறிவுரை நமக்கெல்லாம் மனப்பாடம். தினமும் நடங்கள், நாலு பேரோடு பழகுங்கள், மூளைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். மூன்றுமே சரியான அறிவுரைதான், மூன்றுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் கழித்தும் அதை விடாமல் செய்கிறவர்கள் எத்தனை பேர்? முதல் வாரம் விடிகாலையில் எழுந்து நடப்பார்கள். அப்புறம் ஒரு நாள் மழை, ஒரு நாள் முழங்கால் வலி, ஒரு நாள் வீட்டில் விருந்தாளி. தன் உடம்புக்காகத் தானே செய்துகொள்ளும் காரியத்தைத் தள்ளிப்போடுவது ரொம்பச் சுலபம். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க யாரும் இல்லை.

முதியோர் மருத்துவ நிபுணர் லிண்டா ஃபிரீட் இந்த இடத்தில்தான் யோசிக்க ஆரம்பித்தார். தன்னிடம் வரும் பலருக்கு நோயைவிடப் பெரிய குறை ஒன்று இருப்பதை அவர் கவனித்தார்: காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இல்லை. இதற்கு மாத்திரை எழுதித் தர முடியாது. அதனால் கேள்வியையே அவர் திருப்பிப் போட்டார். முதியவர்களை உடற்பயிற்சிக்குக் கூப்பிடாமல், அவர்கள் இல்லாவிட்டால் நிஜமாகவே பாதிக்கப்படும் ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் என்ன? அந்த வேலைக்குள்ளேயே நடை, சிந்தனை, பழக்கம் மூன்றையும் வைத்துவிட்டால்? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல.

சமூகத் தொழில்முனைவோரான மார்க் ஃபிரீட்மேனோடு சேர்ந்து 1990-களின் நடுவில் அவர் வடிவமைத்த திட்டத்தின் பெயர் 'எக்ஸ்பீரியன்ஸ் கோர்'. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் முன்னோட்டம் நடந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் பால்டிமோரில் இது ஆழமான அறிவியல் ஆய்வாகவே வளர்ந்தது. முதியவர்களைக் குழந்தைகளோடு சேர்க்கும் திட்டங்கள் அங்கே புதிதல்ல. வருமானம் குறைந்த முதியவர்களைத் தேவையுள்ள குழந்தைகளோடு இணைக்கும் 'ஃபாஸ்டர் கிராண்ட்பேரன்ட்' திட்டம் 1965-லேயே தொடங்கிவிட்டது. பால்டிமோரில் புதிதாக இருந்தது, ஒவ்வொரு அம்சத்தையும் ஒரு காரணத்தோடு அமைத்து, அது வேலை செய்கிறதா என்று அளந்து பார்த்ததுதான்.

வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம், பள்ளி ஆண்டு முழுக்க. மாதம் ஒரு முறை வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகும் கதை இல்லை. மருந்துக்கு அளவு இருப்பது போல இதற்கும் ஓர் அளவு வேண்டும் என்பது ஃபிரீட் குழுவின் கருத்து. ஒரு பள்ளிக்கு ஒருவர் இருவர் என்று அனுப்பாமல் 15 முதல் 20 பேர் வரை ஒரே அணியாக அனுப்பினார்கள். தனியாக ஒருவர் போனால் அவர் விருந்தாளி. பதினைந்து பேர் போனால் பள்ளியின் நடைமுறையே மாறும், அவர்களுக்குள்ளும் நட்பு உண்டாகும். வேலைக்கு முன்னால் முறையான பயிற்சி உண்டு. பஸ் கட்டணம், சாப்பாடு போன்ற செலவுக்கு மாதம் ஒரு சிறு தொகையும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. பால்டிமோரில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்த கறுப்பினப் பெண்கள். கைக்காசைச் செலவழித்துத்தான் சேவை செய்ய முடியும் என்றால், யாருக்கு இந்தத் திட்டத்தால் அதிகப் பலனோ அவர்கள்தான் முதலில் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

சரி, பள்ளியில் அவர்கள் என்ன செய்தார்கள்? மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில் துணை நின்றார்கள். நூலகத்தில் புத்தகங்களை அடுக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றதைத் தேடிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் சண்டை போட்டால் பேசித் தீர்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஒரு வாசிப்பு நேரத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஏழு வயதுப் பையன் ஒருவன் வரிக்கு வரி விரல் வைத்து வாசிக்கிறான். 'நைட்' என்ற சொல் வருகிறது. அதில் ஜி, ஹெச் என்று இரண்டு எழுத்துகள் இருக்கின்றன, இரண்டுக்கும் சத்தமே கிடையாது. பையன் நின்றுவிடுகிறான். பக்கத்தில் இருக்கும் பாட்டிக்கு அந்தச் சொல் நாக்கு நுனியில் இருக்கிறது. சொல்லிவிட்டால் பையன் கற்றுக்கொள்ள மாட்டான் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள், அதனால் அடக்கிக்கொள்கிறார். அவன் முகத்தைப் பார்க்கிறார்: யோசிக்கிறானா, சோர்ந்துவிட்டானா? முந்தின வாரம் இதே மாதிரி 'லைட்' என்ற சொல்லில் தடுமாறியது ஞாபகம் வருகிறது. அதைக் காகிதத்தில் எழுதிக் காட்டலாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள் ஒரு பென்சிலுக்கு மல்லுக்கு நிற்கிறார்கள். அங்கே ஒரு வார்த்தை பேசி அமர்த்திவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

இது சில நிமிடங்களில் நடந்து முடிவது. ஆனால் மூளையின் முன்புறப் பகுதிக்கு இதில் கடும் பயிற்சி இருக்கிறது. வாய்க்கு வந்ததை அடக்குவது, பழைய தகவலை மனதில் பிடித்து வைத்துக்கொண்டே புதியதைக் கவனிப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் திரும்புவது. இந்த மூன்றையும் சேர்த்து நரம்பியலில் நிர்வாகத் திறன் என்பார்கள். வயதாகும்போது சீக்கிரம் தேயத் தொடங்கும் திறன்களில் இது ஒன்று. சமைப்பது, மாத்திரையை நேரத்துக்கு எடுப்பது, பணக் கணக்கு பார்ப்பது எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. குறுக்கெழுத்துப் போட்டியும் மூளைக்கு வேலைதான். ஆனால் அது எதிரில் உட்கார்ந்து முகம் மாறாது, பாதியில் பென்சில் சண்டையும் வராது. ஒரு குழந்தை நாளுக்கு நாள் மாறும்; அதனால் பயிற்சியும் பழகிச் சலித்துப்போவதில்லை.

1999-2000 பள்ளி ஆண்டில் பால்டிமோரில் முதல் சோதனை நடந்தது. 60 முதல் 86 வயது வரையுள்ள 128 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். குலுக்கல் ஏன் அவசியம்? தானாக முன்வந்து பள்ளிக்குப் போகிறவர் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருப்பவராக இருக்கலாம். அப்படியானால் பலன் திட்டத்தால் வந்ததா, ஆளால் வந்ததா என்று பிரிக்க முடியாது. சில மாதங்களில், பள்ளிக்குப் போனவர்களுக்கு உடலியக்கமும் உடல் வலுவும் கூடியிருந்தன. உதவி என்றால் கூப்பிடக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. நடை வேகம் இரு பிரிவினருக்கும் குறைந்தது, ஆனால் பள்ளிக்குப் போனவர்களுக்கு மிகக் குறைவாகவே குறைந்தது. யாரும் அவர்களை நடக்கச் சொல்லவில்லை. காலையில் கிளம்பி பஸ் பிடித்து, பள்ளிக்குள் வகுப்புக்கும் நூலகத்துக்குமாக அலைந்ததிலேயே நடை வந்துவிட்டது.

அடுத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர் மிஷெல் கார்ல்சன் தலைமையிலான குழு மூளைக்குள்ளேயே பார்க்க முயன்றது. மூளையின் எந்தப் பகுதி எப்போது இயங்குகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் படுத்தபடி ஒரு சின்னத் தேர்வு. திரையில் வரிசையாக அம்புக்குறிகள் வரும். நடுவில் இருப்பது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். சுற்றியுள்ளவை எல்லாம் இடதுபக்கம் காட்டி, நடுவில் இருப்பது மட்டும் வலதுபக்கம் காட்டினால், கை தானாக இடதுபக்கம் போகப் பார்க்கும். அதை அடக்க வேண்டும், வாசிப்பு நேரத்தில் நாக்கை அடக்கியது போலவே. 2009-ல் வெளியான அந்த ஆய்வில், பள்ளிக்குப் போனவர்களுக்கு இந்தத் திறன் மேம்பட்டிருந்தது. மூளையின் முன்புறத்தில் அதற்கான பகுதிகளின் இயக்கமும் கூடியிருந்தது. பங்கேற்றவர்கள் 8 பேர், ஒப்பீட்டுக்கு 9 பேர். இவ்வளவு சிறிய குழுவை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் 65-க்கு மேலும் மூளை வளைந்துகொடுக்கும் என்பதற்கு இது ஒரு நல்ல அறிகுறி.

பெரிய சோதனை 2006 வாக்கில் தொடங்கியது: 702 பேர், இரண்டு ஆண்டுகள். அவர்களில் 111 பேரின் மூளை அளவுகளை ஒப்பிட்ட முடிவு 2015-ல் வந்தது. நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, நோய் எதுவும் இல்லாத முதியவர்களுக்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் சுருங்கும். பள்ளிக்குப் போன ஆண்களுக்கோ இரண்டு ஆண்டுகளில் மூளையின் கன அளவு 0.7 முதல் 1.6 சதவீதம் வரை கூடியிருந்தது. பெண்களுக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு சிறிய ஏற்றம் மட்டும்தான் தெரிந்தது. சேர்ந்தவர்களில் ஆண்கள் குறைவு என்பதால் இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதனால் மறதி நோய் தடுக்கப்படும் என்று சொல்லவும் முடியாது, அந்த ஆய்வு அதை அளக்கவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கால அளவுதான். இரண்டு மாத முகாமாக இதை நடத்தியிருந்தால் இந்த மாற்றம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

இரண்டு ஆண்டு விடாமல் வரவைத்தது எது? உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நடுவயதுக்குப் பிறகு மனிதர்களுக்குள் ஓர் உந்துதல் வலுக்கிறது: அடுத்த தலைமுறையை வளர்த்துவிட வேண்டும், தன் அனுபவம் யாருக்காவது பயன்பட வேண்டும் என்பது. அதற்கு வழி கிடைக்காதவர்கள் தேங்கிப்போகிறார்கள் என்பது அவர் கருத்து. பால்டிமோரின் பெரிய சோதனையில் இதையும் அளந்தார்கள். அடுத்தவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற விருப்பமும், பயன்பட்டிருக்கிறோம் என்ற நிறைவும் பள்ளிக்குப் போனவர்களுக்குக் கூடியிருந்தன, இரண்டு ஆண்டு முடிவிலும் அது குறையவில்லை. ஒரு பிள்ளை வாசலில் நின்று 'நேற்று ஏன் வரவில்லை?' என்று கேட்டால், முழங்கால் வலியோடும் மறுநாள் கிளம்பிவிடுவார்கள். எந்த உடற்பயிற்சிக் கூடத்தாலும் தர முடியாதது இது.

பிள்ளைகள் பக்கமும் கணக்கு பார்த்தார்கள். பால்டிமோர் முதல் சோதனையில், திட்டம் நடந்த பள்ளிகளின் மூன்றாம் வகுப்பு மாணவர்கள் வாசிப்புத் தேர்வில் மற்றப் பள்ளி மாணவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். மூன்றாம் வகுப்பு ஒரு திருப்பம். அதுவரை வாசிக்கக் கற்கிறார்கள். அதற்குப் பிறகு வாசித்துத்தான் மற்ற பாடங்களைக் கற்க வேண்டும். அங்கே பின்தங்கினால் எல்லாப் பாடத்திலும் பின்தங்க வேண்டியதுதான். இன்னொரு முடிவு எனக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது. வகுப்பில் தொந்தரவு செய்ததாகத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை, திட்டம் நடந்த பள்ளிகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மற்றப் பள்ளிகளில் மாறவில்லை. முப்பது பிள்ளைகளைத் தனியாகச் சமாளிக்கும் ஆசிரியருக்கு, ஒரு பிள்ளை ஏன் குறும்பு செய்கிறது என்று உட்கார்ந்து கேட்க நேரம் இருக்காது. பாட்டிக்கு இருக்கும்.

வெறுமனே ஒரே அறையில் உட்காரவைத்தால் இதெல்லாம் நடக்காது. சமூக உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-ல் சொன்ன நிபந்தனைகள் இங்கே பொருந்துகின்றன. அந்நியமான இரண்டு குழுக்கள் நெருங்க வேண்டும் என்றால் சம மதிப்பு, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, நிறுவனத்தின் ஆதரவு நான்கும் வேண்டும். பண்டிகை நாளில் முதியோர் இல்லத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் பாட்டுப் பாடவைப்பதில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. ஒரு பக்கம் கொடுக்கிறது, மறுபக்கம் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். பாவம், வயதானவர்கள் என்ற எண்ணம்தான் பிள்ளைகள் மனதில் உறுதிப்படும். அந்த எண்ணத்துக்கு விலை உண்டு. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் 50 வயதைத் தாண்டிய 660 பேரின் தரவுகளை வைத்து உளவியலாளர் பெக்கா லெவி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், முதுமையைப் பற்றி நல்ல எண்ணம் கொண்டவர்கள் மற்றவர்களைவிட ஏழரை ஆண்டுகள் அதிகம் வாழ்ந்திருந்தார்கள்.

ஜப்பானில் டோக்கியோ முதியோர் ஆய்வு நிறுவனம் 2004-ல் 'ரீப்ரிண்ட்ஸ்' என்ற பெயரில் இதே எண்ணத்தை வேறு வடிவத்தில் தொடங்கியது. அங்கே முதியவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, குழுவாகப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் போய்ப் படக்கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டுகிறார்கள். பிள்ளைகளின் வயதுக்கும் பருவகாலத்துக்கும் ஏற்ற புத்தகத்தை நூலகத்தில் தேடுவது, வாய்விட்டுப் படித்துப் பழகுவது, குழுவினர் முன் ஒத்திகை பார்ப்பது எல்லாமே வேலையின் பகுதி. பல ஆண்டுகள் இப்படி வாசித்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சுருங்குவது குறைவாக இருந்ததாக 2018-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது, நம் வீடுகளில் தாத்தா பாட்டிதானே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், தனித் திட்டம் எதற்கு என்று தோன்றலாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 186 பெண்களை வைத்து நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வு இங்கே கவனிக்க வேண்டியது. வாரம் ஒரு நாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிகள் மூளைத் திறன் தேர்வுகளில் நன்றாகச் செய்தார்கள். வாரம் ஐந்து நாளோ அதற்கு மேலோ பார்த்துக்கொண்டவர்கள் ஒரு தேர்வில் குறைவாகவே எடுத்தார்கள். எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் பால்டிமோர் திட்டத்தில் என்னவெல்லாம் இருந்தன என்று பாருங்கள்: வேலைக்கு ஒரு முடிவு நேரம், கோடை விடுமுறை, கைச்செலவுக்குப் பணம், பேச்சுத்துணைக்குச் சக வயதுக்காரர்கள், வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளும் உரிமை. காலை ஆறு மணிக்கு டிபன் கட்டுவதில் ஆரம்பித்து இரவு வரை பேரப்பிள்ளையோடு ஓடும் ஒரு பாட்டிக்கு இதில் எத்தனை கிடைக்கிறது என்பதை அந்த வீட்டில் உள்ளவர்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.