கேரட்டும் கடலையும்: நூறு கிராம் கணக்கில் விட்டுப்போனவை

சத்து அட்டவணையை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. நூறு கிராம் வறுக்காத வேர்க்கடலையில் சுமார் 567 கலோரி, 26 கிராம் புரதம், 49 கிராம் கொழுப்பு, எட்டரை கிராம் நார்ச்சத்து. அதே எடைக்குப் பச்சைக் கேரட்டில் 41 கலோரி. புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது, நார்ச்சத்து மூன்று கிராமுக்குள். வெள்ளரிக்காய் இன்னும் மோசம், 15 கலோரிதான். "காய்கறியில் என்ன இருக்கிறது, வெறும் தண்ணீர்" என்று பேசுபவர்கள் இந்த அட்டவணையை நம்பித்தான் பேசுகிறார்கள்.

தண்ணீர் என்பது உண்மைதான். கேரட்டில் 88 சதவீதம், வெள்ளரியில் 95 சதவீதம். வேர்க்கடலையில் ஆறேழு சதவீதம், பாதாமில் அதைவிடக் குறைவு. ஆக, இரண்டையும் நூறு நூறு கிராமாக நிறுத்துப் பார்க்கும்போது முதலில் தெரிவது எதில் தண்ணீர் அதிகம் என்பதுதான். தண்ணீரைக் கழித்துவிட்டால் கணக்கு வேறு மாதிரி திரும்பும். நூறு கிராம் பாலக்கீரையில் புரதம் மூன்று கிராமுக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் அதில் தண்ணீர் போக மிஞ்சுவதே எட்டரை கிராம் சொச்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு புரதம்! இதே கணக்கைப் பாதாமுக்குப் போட்டால் 22 சதவீதம்தான் வரும். அதற்காகக் கீரையை வைத்தே புரதத் தேவையை முடித்துவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். நூறு கிராம் வேர்க்கடலையின் கலோரியை எட்ட இரண்டரை கிலோ பாலக்கீரை தின்ன வேண்டும். கேரட் என்றால் ஒரு கிலோ நானூறு கிராம். மாடுகூட யோசிக்கும்.

இந்த வித்தியாசம் ஏன் என்று கேட்டால் செடியிடமிருந்து தொடங்க வேண்டும். நாம் நட்ஸ் என்று சொல்வதெல்லாம் விதைகள் (வேர்க்கடலை தாவரவியல்படி பயறுக் குடும்பம், சத்துக் கணக்கில் அது பாதாம், முந்திரிக்கு அருகில் நிற்கிறது, அவ்வளவுதான்). முளைவிடும் கன்று இலை விரித்துத் தன் உணவைத் தானே தயாரிக்கும் வரை தாங்க வேண்டும் என்று தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. குறைந்த இடத்தில் அதிக எரிபொருளை அடைக்கக் கொழுப்பைவிடச் சிறந்த வழி இல்லை. அந்தக் கொழுப்பு காற்று பட்டுக் கெடாமலிருக்க வைட்டமின் ஈ. பாதாமில் அது தாராளம், ஒரு கைப்பிடியில் சுமார் ஏழு மில்லிகிராம்.

இலையும் தண்டும் வேரும் அப்படியல்ல. அவை இப்போது வேலை பார்த்துக்கொண்டிருக்கும் உறுப்புகள். வெயிலில் நிற்கும் இலை, அளவுக்கு மீறி விழும் ஒளியைச் சமாளிக்கக் கரோட்டினாய்டு நிறமிகளையும் வைட்டமின் சியையும் சேர்த்து வைக்கிறது. காய்ந்த விதையில் வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை. பயறை ஊறவைத்து முளைகட்டினால்தான் அது உருவாகத் தொடங்கும். நூறு கிராம் பச்சைக் குடைமிளகாயில் 80 மில்லிகிராம் இருக்கிறது, ஒரு ஆளின் ஒரு நாள் தேவை ஏறக்குறைய அதோடு முடிந்தது. எவ்வளவு பாதாம் தின்றாலும் அந்த இடம் நிரம்பாது. பி12 வைட்டமினோ இரண்டிலுமே கிடையாது.

சரி, அட்டவணையில் உள்ளதாவது முழுசாக உடம்புக்குள் போகிறதா என்றால், அதுவும் இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பாதாம் பருப்பின் உள்ளே ஒவ்வொரு செல்லும் குறுக்கே சுமார் 35 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இருபத்தெட்டு செல்களை வரிசையாக வைக்கலாம். கொழுப்பு அந்த செல்லுக்குள் சின்னச்சின்னத் துளிகளாக இருக்கிறது. சுற்றிலும் இருக்கும் செல் சுவரை உடைக்க மனிதக் குடலில் நொதி இல்லை. அப்படியானால் அதை உடைக்க வேண்டியது பல்தான். நன்றாக மென்று ஒரு மில்லிமீட்டர் கனசதுரத் துகளாக விழுங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 22,000 செல்கள் இருக்கும். வெளிப்புறத்தில் உள்ளவை மட்டும் உடைந்தால், திறந்தவை ஐந்தில் ஒரு பங்கு. துகளைப் பாதியாக, அரை மில்லிமீட்டராக மென்றாலும் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மீதியில் ஒரு பகுதி பெருங்குடல் வரை போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. இன்னொரு பகுதி கழிவோடு வெளியேறிவிடுகிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. அமெரிக்க வேளாண்துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில், தன்னார்வலர்களுக்கு அளந்து உணவு கொடுத்து, அவர்கள் கழித்த மலம், சிறுநீர் அனைத்தையும் சேகரித்து எரித்து, அவற்றில் மிஞ்சிய கலோரியை அளந்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான கணக்குப்படி 170 கலோரி தர வேண்டிய 28 கிராம் பாதாம், உடம்புக்குக் கொடுத்தது 129 கலோரி மட்டும். பாக்கெட்டின் மேல் அச்சிடும் எண், வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த வாய்ப்பாட்டிலிருந்து வருகிறது. ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9. பலவகை உணவு கலந்த சாப்பாட்டுக்கு அது நன்றாகவே பொருந்தும். கொழுப்பைச் செல்லுக்குள் பதுக்கி வைத்திருக்கும் ஒரு விதையிடம் தடுமாறுகிறது.

அதே குழுவினர் பிறகு பாதாமைப் பல வடிவங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். முழுதாக, வறுக்காமல் தின்றால் கிராமுக்கு 4.4 கலோரி. வறுத்தால் 4.9. வறுத்து நறுக்கினால் 5. வெண்ணெய் பதத்துக்கு அரைத்தால் 6.5. பருப்பு ஒன்றுதான், எவ்வளவு உடைந்தது என்பது மட்டும் வேறு. வேர்க்கடலையிலும் இதே கதை. 1980இல் வந்த ஒரு ஆய்வில், முழுக் கடலையாகத் தின்றவர்களின் மலத்தில் உணவுக் கொழுப்பில் சுமார் 18 சதவீதம் வெளியேறியது. அரைத்த கடலை வெண்ணெய் தின்றவர்களிடம் 7 சதவீதம், கடலெண்ணெயாகச் சாப்பிட்டவர்களிடம் நாலரை. எடையைப் பற்றிக் கவலைப்படுபவர் கடலையை முழுதாகத் தின்னலாம். மெலிந்த பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் பொடித்தோ அரைத்தோ கொடுப்பதே புத்திசாலித்தனம். சின்னப் பிள்ளைகளுக்கு எப்படியும் முழுக் கடலை கூடாது, தொண்டையில் சிக்கும்.

இப்போது கேரட்டுக்கு வருவோம். அங்கேயும் செல் சுவர்தான் பிரச்சினை, ஆனால் நமக்கு நட்டம் வேறு விதம். கேரட்டின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின், உடம்பு அதிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்கிறது. செரிமானத்தை ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் நடத்திப் பார்த்த ஒரு சோதனையில், துண்டுகளாக இருந்த பச்சைக் கேரட்டிலிருந்து வெளியே வந்த பீட்டா கரோட்டின் வெறும் 3 சதவீதம். கூழாக அரைத்தால் 21. அந்தக் கூழை வேகவைத்தால் 27. எண்ணெயும் சேர்த்தால் 39. பச்சையாகத் தின்றால்தான் முழுச் சத்தும் கிடைக்கும் என்று அடித்துச் சொல்பவர்கள் கேரட் விஷயத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். வைட்டமின் சிக்கு அவர்கள் சொல்வது சரி, அதைச் சூடும் கொதிநீரும் குறைத்துவிடும். முள்ளங்கியின் காரத்துக்கும் சரி. கடிக்கும்போது செல் உடைந்து ஒரு நொதி வேலை செய்வதால்தான் அந்தக் காரமே பிறக்கிறது. வேகவைத்தால் நொதி செத்துவிடும்.

எண்ணெய் சேர்த்ததும் ஏன் கூடுகிறது? கரோட்டின் தண்ணீரில் கரையாது. குடலில் கொழுப்பும் பித்தநீரும் சேர்ந்து உருவாக்கும் நுண்துளிகளில் ஏறித்தான் அது உள்ளே போக முடியும். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கீரை, தக்காளி, கேரட் கலந்த சாலட்டைக் கொழுப்பே இல்லாத டிரஸ்ஸிங்கோடு தின்றவர்களின் ரத்தத்தில் கரோட்டினாய்டுகள் ஏறவே இல்லை என்று சொல்லுமளவுக்குத்தான் இருந்தன. ஆறு கிராம் எண்ணெய் சேர்த்தபோது ஏறின, 28 கிராமில் இன்னும் நன்றாக. டயட் என்று எலுமிச்சையை மட்டும் பிழிந்து காய்கறி தின்பவர்கள் எதை விட்டுவிடுகிறார்கள் என்று பாருங்கள்.

நம் ஊர்க் கேரட் கோசுமல்லி இந்த இரண்டையும் செய்துவிடுகிறது. துருவுவதில் செல்கள் கிழிகின்றன, தேங்காய்த் துருவலும் கடுகு தாளித்த எண்ணெயும் கொழுப்பைத் தருகின்றன. தேங்காய்க்குப் பதில் வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவினாலும் ஆகும். முழுக் கடலையாகப் போட்டால் அதன் கொழுப்பில் ஒரு பகுதி தன் செல்லிலேயே தங்கிவிடும், கேரட்டுக்கு அவ்வளவு உதவாது.

மறுபக்கம் காய்கறி கடலைக்குச் செய்யும் உதவியும் உண்டு. விதைகளில் இரும்பு, துத்தநாகம் எல்லாம் இருந்தாலும் ஃபைட்டிக் அமிலம் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பை அதனிடமிருந்து மீட்பதில் வைட்டமின் சி கெட்டிக்காரத்தனமானது, ஆனால் அதே வேளையில் சாப்பிட்டால்தான் பயன். கடற்கரைச் சுண்டலில் மாங்காய் போடுவதற்கு ருசிதான் காரணம், இரும்பு கூடுதலாகக் கிடைப்பது இலவச இணைப்பு. வீட்டில் வேர்க்கடலைச் சுண்டல் செய்தால் வெங்காயம், துருவிய மாங்காய், எலுமிச்சை எல்லாவற்றையும் அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு சேர்க்க வேண்டும்.

துருவியதையும் பொடித்ததையும் நெடுநேரம் வைத்திருக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செல் உடைந்தால் காற்றும் உள்ளே போகும். துருவிய காயில் வைட்டமின் சி சீக்கிரம் குறையத் தொடங்கும், பொடித்த கடலையில் கொழுப்பு காறும். தோலோடு உள்ள கடலை மாதக்கணக்கில் நிற்கும், பொடியோ வெயில் காலத்தில் சீக்கிரமே வாடை அடித்துவிடும். ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் பொடித்து, ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். பொடிப்பதற்கு முன் சுருங்கியது, பூசணம் பிடித்தது, கசப்பது இருந்தால் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதில் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நஞ்சை வறுப்பதால் முழுசாகப் போக்க முடியாது.